கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கு ஆள் எடுக்கும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் முதல் டிவிஷன் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணி வைத்திருக்கும் கல்லூரிகள் அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. அந்த அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும், அவர்களைவிட முக்கியமாக, வாரக் கடைசியில் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஜூனியர் ஆட்டம் (கல்லூரிக்கு முந்தைய வயதுப் பையன்களின் லீக் ஆட்டம்) பார்க்கப் போகும் உதவிப் பயிற்சியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் யாரும் தமிழ் படிக்கப் போவதில்லை என்று தெரியும். பரவாயில்லை. டொராண்டோ பக்கம் விடியற்காலையில் பிள்ளையை எழுப்பி, அவன் உயரத்துக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் ரிங்குக்குப் போகும் தமிழ் அப்பா அம்மாக்கள் இப்போது இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை நீங்கள் எப்படி எடை போடுகிறீர்கள் என்று அவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு பையன் இன்று எப்படி ஆடுகிறான் என்பதை நீங்கள் நன்றாகவே பார்க்கிறீர்கள். மூன்று வருஷம் கழித்து எப்படி ஆடுவான் என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, பெரும்பாலும் இன்றைய ஆட்டத்தையே இன்னொரு தடவை பார்க்கிறீர்கள். இப்போது விதி மாறியிருப்பதால், அந்த இரண்டாவது பார்வைக்கும் அவசியமில்லை என்ற எண்ணம் உங்களிடம் வந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கவலை அங்கேதான்.

விதி மாறியதைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீகுகளில் (ஒன்டாரியோ, மேற்கு, கியூபெக்) ஆடிய பையன்களுக்கு அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு பல காலமாக மூடியே இருந்தது. அங்கே கைச்செலவுக்குப் பணம் தருகிறார்கள், வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பையன்களும் ஆடுகிறார்கள், ஆகவே அது தொழில்முறை ஆட்டம் என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் கணக்கு. 2024 நவம்பர் 7-ஆம் தேதி அந்தக் கணக்கை மாற்றி வாக்களித்தார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் கதவு திறந்துவிட்டது. மேற்கு லீகின் மெடிசின் ஹாட் டைகர்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த கேவின் மெக்கென்னா அந்தக் கோடையிலேயே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன் என்றார். பென் ஸ்டேட் முதல் டிவிஷனில் ஆடத் தொடங்கியதே 2012-ல்தான்!

மெக்கென்னாவைக் கண்டுபிடித்ததற்கு யாரும் உங்களுக்கு மாலை போடப் போவதில்லை. மேக்லின் செலிப்ரினியும் அப்படித்தான். 17 வயதில் பாஸ்டன் யுனிவர்சிட்டிக்குள் நுழைந்து, அந்த சீசனிலேயே கல்லூரி ஹாக்கியின் உச்ச விருதான ஹோபி பேக்கரை வாங்கி, 2024 என்.எச்.எல். டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகப் போனார். இந்த மாதிரிப் பையன்கள் நல்லவர்கள் என்று ரிங்கில் பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும். அவர்களை வரவழைப்பது வேறு திறமை. மதிப்பிடுவது என்ற வேலையே அங்கே கிடையாது. உங்கள் மதிப்பீடு சோதிக்கப்படுவது மீதமுள்ள இருபது இடங்களில்.

அந்த இருபது இடங்களுக்குத்தான் இப்போது போட்டி. கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாம் என்கிற புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 26 பேர் என்று உச்சவரம்பு. பழைய 18 ஸ்காலர்ஷிப் கணக்கு போய், அந்த 26 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம் என்று ஆகிவிட்டது. பணம் கூடியது, இடம் குறைந்தது. கனடாவில் மூன்று நான்கு வருஷம் முட்டி மோதி, உடம்பெல்லாம் இறுகிப்போன 20 வயதுப் பையன் ஒருவன் தயாராக நிற்கிறான். இந்தப் பக்கம், இன்னும் மீசை சரியாக முளைக்காத, ஆனால் மண்டைக்குள் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிற 17 வயதுப் பையன். வேலை போய்விடுமோ என்ற பயம் உள்ள எந்தப் பயிற்சியாளரும் முதல் பையனைத்தான் எடுப்பார். நானாக இருந்தாலும் சில நாள் அதைத்தான் செய்வேன். ஆனால் அது கடையில் சரக்கு எடுக்கிற வேலை. அதற்குத் திறன் மதிப்பீடு என்று பெயர் வைக்காதீர்கள்.

சரி, வயசுக் கணக்குக்கு வருவோம்.

அமெரிக்காவின் யு.எஸ்.எச்.எல். மாதிரி ஒரு ஜூனியர் லீகில் 16 வயதுப் பையனும் 20 வயது இளைஞனும் ஒரே ஐஸில் ஆடுகிறார்கள். கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவியதற்கு ஒன்று என்று இருவரும் ஆளுக்கு 40 புள்ளி எடுத்தால் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வருவார்கள். அந்த இரண்டு நாற்பதும் ஒன்றில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இப்போது எல்லாரும் வயதுக்கு ஏற்றபடி புள்ளியைத் திருத்திக்கொள்கிறீர்கள். ஆனால் ஒரே ஆண்டில் பிறந்தவர்களுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசத்தை எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? சின்ன வயது ஹாக்கியில் பிரிவுகள் ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது உயரத்தில், வேகத்தில், பலத்தில் பெரிய இடைவெளி. ஜனவரிப் பையன் நல்ல அணிக்குத் தேர்வாகிறான், நல்ல பயிற்சியாளர் கிடைக்கிறார், கூடுதல் ஐஸ் நேரம் கிடைக்கிறது. டிசம்பர்ப் பையன் இரண்டாம் அணியில். இதைக் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1985-லேயே எழுதிவிட்டார்கள்.

அதற்கு மேலே போய் ஒன்றைக் காட்டியது 2013-ல் ராபர்ட் டீனர், ஆரன் லோவன், ஸ்டீபன் கோப்லி மூவரும் வெளியிட்ட ஆய்வு. டிராஃப்டில் எடுக்கப்பட்ட கனடா ஆட்டக்காரர்களின் பிறந்த மாதத்தையும், பிற்பாடு அவர்கள் என்.எச்.எல்.லில் சாதித்ததையும் ஒப்பிட்டார்கள். ஆண்டின் பின்பாதியில் பிறந்தவர்கள், அவர்களுடைய பிற்கால ஆட்டத்துக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தைவிட 40 இடத்துக்கும் மேல் தள்ளி எடுக்கப்பட்டிருந்தார்கள். 400 ஆட்டம், 200 புள்ளி என்கிற எல்லைகளைத் தொடும் வாய்ப்பும், முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்களைவிட அவர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது. நன்றாகச் சம்பளம் வாங்குகிற, ஆள் தேடும் ஸ்கவுட்கள், வருஷக்கணக்காக, ஒரே திசையில் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 18 வயதைப் பார்த்துச் சொன்ன அவர்களுக்கே இந்த கதி என்றால் 15, 16 வயதைப் பார்த்துச் சொல்லும் உங்களுக்கு எப்படி இருக்கும்?

கேல் மக்காரை எடுத்துக்கொள்ளுங்கள். கால்கரி பையன், 1998 அக்டோபர் 30-ல் பிறந்தவர். மேற்கு லீகின் சிறுவர் டிராஃப்டில் 8-வது சுற்றில்தான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் அந்த லீகுக்குப் போகாமல் ஆல்பர்டாவில் ஒரு படி கீழான லீகில் ப்ரூக்ஸ் பாண்டிட்ஸ் அணிக்கு ஆடினார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். 2016-17 சீசனில் மொத்தமே 5 ஆட்டம்தான் ஜெயித்த அணி அது. 2017 டிராஃப்டில் மொத்தத்தில் 4-வது ஆள். 2019-ல் ஹோபி பேக்கர், அதே ஆண்டு அவருடைய அணி தேசிய இறுதி ஆட்டத்தில். சிறுவர் டிராஃப்டுக்கும் என்.எச்.எல். டிராஃப்டுக்கும் நடுவே ஒரு மூன்று நான்கு வருஷம். 8-வது சுற்று என்று சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. கண்முன் இருந்த குட்டிப் பையனைச் சரியாகத்தான் பார்த்தார்கள். அவன் இன்னும் வளரவில்லை என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

அப்புறம், புள்ளிப் பட்டியல். நான் எண்களை விரும்புகிறவன்தான், ஆனால் ஹாக்கியில் ஒரு கோலுக்கு இரண்டு பேர்வரை அசிஸ்ட் (உதவிப் புள்ளி) போடுகிறார்கள். இரண்டாவது அசிஸ்ட் பல நேரம், பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) நகர்த்திவிட்டு பெஞ்சுக்குப் போனவனுக்குக் கிடைக்கிறது. முதல் பவர் ப்ளே (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) அணியில் நிற்க வைத்தாலே ஒருவனுக்குப் புள்ளி ஏறும். நல்ல சென்டரின் (நடு முன்வரிசை ஆட்டக்காரரின்) பக்கத்தில் ஆடினால் இன்னும் ஏறும். இதைப் பிரித்துப் பார்க்க வீடியோ இருக்கிறது, நேரம்தான் இல்லை என்கிறீர்கள். அறுபது பையன்களின் பட்டியலை நாற்பதாகக் குறைத்தால் நேரம் வரும்.

வீடியோவில் நான் எதைப் பார்ப்பேன் என்று சொல்கிறேன், ஒரு ஷிஃப்டை (ஐஸில் இறங்கி மறுபடி பெஞ்சுக்கு வரும்வரை உள்ள நேரத்தை) எடுத்துக்கொள்வோம். எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்துகிறது. நம் டிஃபென்ஸ் பையன் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போகிறான். போகிற வழியில் தோளுக்கு மேலே ஒரு முறை திரும்பிப் பார்க்கிறான். பக்கை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு முறை, இப்போது மறு தோள் பக்கம். அந்த இரண்டாவது பார்வையில், தன் சென்டர் எங்கே இறங்கி வருகிறான் என்று தெரிந்துகொண்டான். பலகை ஓரமாகத் தட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். நடுவில் வரும் சென்டருக்கு நேராகக் கொடுக்கிறான். மணிக்கட்டில் இன்னும் பலம் போதாது, பாஸ் மெதுவாகப் போகிறது, எதிரணிக்காரன் நடுவில் கட்டையை நீட்டி எடுத்துக்கொள்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காபியோடு நிற்கும் உங்களில் ஒருவர் நோட்டில் 'பக்கைத் தொலைத்தான்' என்று எழுதுகிறார்.

நான் அந்த இடத்தில் நட்சத்திரம் போடுவேன். இரண்டு முறை திரும்பிப் பார்த்தது, நெருக்கடியில் கஷ்டமான பாஸே சரியான பாஸ் என்று தெரிந்தது, இரண்டும் 17 வயதில் இருக்கிறதென்றால் 21 வயதிலும் இருக்கும். மணிக்கட்டு பலம் உங்கள் கல்லூரி ஜிம்மிலேயே வந்துவிடும், அதற்கென்று தனிப் பயிற்சியாளர் வைத்திருக்கிறீர்கள். பாஸ் பறிபோனதும் அவன் தலையைத் தொங்கப் போட்டானா, மூன்று அடியில் திரும்பி நம் வலைக்கு முன்னால் வந்து நின்றானா என்பதையும் பார்ப்பேன். வீடியோவை பக் போகிற பக்கமே வெட்டி அனுப்புகிறார்கள், இது பெரும்பாலும் அதில் வராது. அதற்காகவாவது நேரில் போக வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 16 வயதிலேயே ஆறடி தாண்டிய பையன், எதிரே வந்தவர்களை இடித்துத் தள்ளிவிட்டு வலைக்குப் போகிறான், கோல் போடுகிறான். பார்க்க அழகாக இருக்கிறது. எல்லாரும் ஆறடி ஆகிவிட்ட கல்லூரி ஆட்டத்தில் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? இடிக்க முடியாதபோது என்ன செய்கிறான் என்று பார்க்க, அவனைவிடப் பெரியவர்களோடு அவன் ஆடுகிற ஆட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்.

குள்ளமானவர்கள் பற்றிப் பேசினால் மார்ட்டின் சென் லூயி பெயரை இழுக்காமல் யாரும் விடமாட்டார்கள். ஐந்தடி எட்டங்குலம், வெர்மான்ட் கல்லூரி, டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, 2004-ல் என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையும், லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும், 2018-ல் ஹால் ஆஃப் ஃபேம். ஜானி காட்ரோ பாஸ்டன் காலேஜ், டிராஃப்டில் 104-வது, 2014-ல் ஹோபி பேக்கர். இந்தக் கதைகளை நானும் ரசிப்பேன், ஆனால் குள்ளமாக இருந்தால் திறமை ஒளிந்திருக்கும் என்று இவை சொல்லவில்லை. ஐந்தடி எட்டங்குலத்தில் முயன்று, ஒன்றும் ஆகாமல் வேறு வேலைக்குப் போனவர்களை நாம் எண்ணுவதே இல்லை. உயரம் குறைவு என்பதால் மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

கோல் கீப்பர்கள் தனி உலகம். ஒரு ஜூனியர் கீப்பர் சீசனில் 25 ஆட்டம் ஆடி, ஆட்டத்துக்கு 28 ஷாட் சந்தித்தால் மொத்தம் 700 ஷாட். நூற்றுக்கு 91.5 தடுத்தவருக்கும் 90.5 தடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 7 கோல். அதில் மூன்று, சொந்த டிஃபென்ஸ்காரனின் காலில் பட்டுத் திரும்பியதாக இருக்கும். இதை வைத்தா ஒருவனை எடுத்து இன்னொருவனை விடுவது? கானர் ஹெலபக் மிச்சிகனில் தன் ஹைஸ்கூல் அணிக்கு ஆடியவர். பிறகு டெக்சாஸ் மாநிலம் ஒடெசாவில், ஜூனியரில் இரண்டாம் தட்டு லீகில் ஒரு சீசன். ஐஸ் ஹாக்கி பார்க்க ஒடெசாவுக்கு யார் போவார்கள்? மாசசூசெட்ஸ் லோவெல் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் சீசனிலேயே, 2013-ல், அந்தக் கல்லூரி முதல் டிவிஷனில் முதல் முறையாகக் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. என்.எச்.எல். டிராஃப்டில் 130-வது ஆளாகப் போன அவர் 2025-ல் அதே ஹார்ட் விருதை வாங்கினார். கீப்பர்களுக்கு லேசில் கிடைக்காத விருது அது.

சேர்த்துக்கொண்ட பிறகும் உங்கள் மதிப்பீடு முடிவதில்லை என்பதற்கு டொராண்டோக்காரர் சாக் ஹைமன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு சீசனும் பத்துப் புள்ளியைக்கூட எட்டவில்லை. மூன்றாவது சுமார். நான்காவது சீசனில் 54 புள்ளி. பின்னாளில் என்.எச்.எல்.லில் எட்மன்டனுக்காக 2023-24-ல் ஒரே சீசனில் 54 கோல். இப்போதைய சூழ்நிலையில் அப்படி ஒரு பையன் நாலாவது வருஷம்வரை உங்களிடம் இருப்பானா? இரண்டாவது வருஷமே நீங்கள் அவனை டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) பக்கம் கைகாட்டுவீர்கள், அல்லது அவனே போய்விடுவான். போர்ட்டல் ஆட்டக்காரர்களுக்கு நல்லது, நான் அதற்கு எதிரியில்லை. நிதானமாக வளர்கிறவனுக்கு மட்டும் அதில் இடமில்லாமல் போகிறது.

ஜெயிக்க வேண்டுமே என்பீர்கள். நியாயம்தான். 2024 கல்லூரி இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பாஸ்டன் காலேஜில் வில் ஸ்மித், ரயன் லெனார்ட், கேப் பெரோ, கட்டர் கோத்தியே என்று முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். டென்வரின் வலையில் மேட் டேவிஸ். டிராஃப்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. 35 ஷாட்டைத் தடுத்தார், டென்வர் 2-0. அதற்குப் பத்து வருஷம் முன்னால், அப்போது விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராமல் இருந்த யூனியன் கல்லூரி மினசோட்டாவை 7-4 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. இதனால் பெரிய பெயர்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, பாஸ்டன் காலேஜ் இறுதிவரை வந்ததே அவர்களால்தான். ஆனால் மற்றவர்கள் பார்க்காததைப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஆட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறது. எல்லாரும் ஒரே 20 வயதுக்காரர்களின் பின்னால் ஓடும்போது அந்த இடம் கூடத்தான் செய்யும்.

இனி என் கோரிக்கை. ஒரு பையனைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, அவன் 21 வயதில் எப்படி இருப்பான் என்று இரண்டு வரி எழுதி, தேதி போட்டு வையுங்கள். அவனிடம் இன்னும் வளரக்கூடியது எது, இனி மாறாதது எது என்று பிரித்து எழுதுங்கள். பிறந்த மாதத்தையும், முடிந்தால் அவன் அப்பா அம்மாவின் உயரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இதை எடுத்த பையன்களுக்கு மட்டும் செய்தால் பிரயோஜனமில்லை. வேண்டாம் என்று விட்டவர்களுக்கும் எழுதி வைத்து, மூன்று வருஷம் கழித்து எடுத்துப் படியுங்கள். எடுத்தவர்களில் யார் சோபிக்கவில்லை என்பது எல்லாப் பயிற்சியாளருக்கும் மனப்பாடம். விட்டவர்களில் யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று கணக்கு வைத்திருப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு உதவிப் பயிற்சியாளர் உயரத்தைப் பார்த்தே ஏமாறுகிறாரா, இன்னொருவர் பவர் ப்ளே புள்ளியைப் பார்த்து ஏமாறுகிறாரா என்று அந்த நோட்டில்தான் தெரியும்.

அப்புறம் 26 இடத்தில் மூன்றையாவது, முதல் வருஷம் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டான் என்று தெரிந்தே எடுக்கும் பையன்களுக்கு ஒதுக்கிவையுங்கள். மூவரில் இருவர் தேறாமலும் போகலாம். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளச் சொல்லி உங்கள் விளையாட்டு இயக்குநரிடம் முன்கூட்டியே பேசி வாங்கிக்கொள்ளுங்கள். தோற்ற பிறகு பேசினால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

கடைசியாக, பெற்றோர்கள் சார்பில் ஒன்று. வாய்வார்த்தையாக இடம் தருகிறோம் என்று சொல்லி, அதை நம்பி வேறு கல்லூரிகளுக்கு வேண்டாம் சொல்லிவிட்ட பையனை, சேரவேண்டிய ஆண்டில் இடமில்லை என்று கைவிரிப்பது இப்போது கேள்விப்படுகிற கதையாகிவிட்டது. விதிப்படி அந்த வாய்வார்த்தை உங்களைக் கட்டுப்படுத்தாது, தெரியும். அப்படிச் செய்யத்தான் வேண்டுமென்றால், அவனுடைய கடைசி ஜூனியர் சீசன் தொடங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள், வேறு கல்லூரி தேட அவனுக்கு நேரம் இருக்கும்போதே சொல்லுங்கள். மெசேஜில் வேண்டாம். தலைமைப் பயிற்சியாளரே போன் செய்து, அவனிடம் எது போதவில்லை என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம், உங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்று அதே ஆட்டத்தைப் பார்க்கும் ஒருவன்